கோவையில் ஓராண்டு: சிறு கணினி ஆலோசனை, பயிற்சி நிறுவனத்தின் கணக்கு. கல்லூரி வகுப்புகளை விட்டுவிடலாமா?

நொய்யல்கரை | மே 4, 2025

வணக்கம். கோவையில் நானும் பழைய அலுவலகத் தோழியும் சேர்ந்து நடத்தும் சிறு நிறுவனத்துக்கு மார்ச் 31-ஓடு ஒரு முழு நிதியாண்டு முடிந்தது. பங்குதாரர் நிறுவனம்தான், பிரைவேட் லிமிடெட் இல்லை. கம்பெனிகளுக்குக் கணினி ஆலோசனை சொல்கிறோம், கல்லூரிகளில் பயிற்சி நடத்துகிறோம். ஆரம்பிக்கும் முன் இப்படி ஒரு நிறுவனத்தின் வரவு செலவை யாராவது தமிழில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். கண்ணில் படவில்லை. அதனால் எங்களுடையதை இங்கே வைக்கிறேன். கடைசியில் ஒரு கேள்வியும் இருக்கிறது.

ஜிஎஸ்டி நீங்கலாக ஆண்டு வரவு சுமார் 32 லட்சம். இதில் கல்லூரிப் பயிற்சி 14 லட்சம். மில், பம்ப் கம்பெனி, பவுண்டரி, திருப்பூர் பனியன் கம்பெனி ஆகியோருக்குச் செய்த ஆலோசனையும் பராமரிப்பும் 12 லட்சம். அதே கம்பெனி ஆட்களுக்கு அவர்கள் இடத்திலேயே போய்க் கற்றுக்கொடுத்தது 6 லட்சம். செலவில் பெரியவை இரண்டு ஊழியர்களின் சம்பளமும், கல்லூரி வகுப்புகளுக்கு வெளியிலிருந்து அழைக்கும் பயிற்றுநர்களுக்குக் கொடுப்பதும். வாடகை, போக்குவரத்து, சர்வர் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. எங்கள் இருவருக்கும் சேர்த்து 11 லட்சம் போல நிற்கிறது.

இது ஏட்டில் உள்ள எண். மார்ச் 31 அன்று வெளியே நின்ற பாக்கி மட்டும் ஐந்தரை லட்சம். அதில் ஐந்து லட்சம் கல்லூரிகள் தர வேண்டியது.

கல்லூரி வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காக: மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு பைத்தான், லினக்ஸ், கிட் (நிரலில் யார் எதை மாற்றினார் என்று குறித்துவைக்கும் கருவி), டேட்டாபேஸ் நடத்துகிறோம். நாள் கூலிதான், 8,000 முதல் 12,000 வரை. அண்ணா பல்கலைத் தேர்வுகள் நவம்பர்-டிசம்பரிலும் ஏப்ரல்-மேயிலும் வருவதால் அந்த மாதங்களில் ஒரு வகுப்பும் கிடையாது. மற்ற மாதங்களில் ஒரே வாரத்தில் மூன்று கல்லூரிகள் கூப்பிடும்.

கம்பெனி ஆலோசனையில் ஆண்டு முழுக்க வேலை ஓடியது. 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதியும் மின் பில்) கட்டாயம். பிரைவேட் லிமிடெட் என்றால் கணக்கு மென்பொருளில் யார் எந்தப் பதிவை எப்போது மாற்றினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. இ-வே பில் (சரக்கு ஏற்றிச் செல்ல வேண்டிய மின் சீட்டு), இ-இன்வாய்ஸ் தளங்களில் ஓடிபி இல்லாமல் நுழைய முடியாது என்ற ஏற்பாடு 2023-இல் மிகப் பெரிய கம்பெனிகளிலிருந்து ஆரம்பித்து 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லோருக்கும் வந்துவிட்டது. முதலாளி ஃபோனுக்கு ஓடிபி போகிறது, அவர் வெளியூரில் இருக்கிறார், லாரி கேட்டில் நிற்கிறது என்று தினமும் அழைப்பு. ஆளுக்கொரு துணைப் பயனர், ஆளுக்கொரு மொபைல் எண் என்று பிரித்துக் கொடுத்தால் தீரும். அதைச் செய்துகொடுக்க ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள் நாங்கள். கூடவே இஆர்பிநெக்ஸ்ட் (இருப்பு, கொள்முதல், கணக்கை ஒன்றாக வைக்கும் இஆர்பி வகை மென்பொருள்) நிறுவுவது, டேலி கணக்குத் தரவை தினமும் வேறொரு இடத்தில் பிரதி எடுத்து வைப்பது, அந்தப் பிரதியிலிருந்து திரும்ப எடுக்க முடிகிறதா என்று மாதம் ஒருமுறை சோதிப்பது.

அந்த 6 லட்சத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். இந்த ஆண்டில் எனக்குக் கிடைத்த தெளிவு முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஒரு நூற்பாலையில் ஸ்டோர்ஸுக்கு இஆர்பி போட்டோம். எம்.டி.யோடும் மேனேஜரோடும் உட்கார்ந்து தேவைகளை எழுதி வாங்கி, அதன்படியே செய்து முடித்தோம். பிறகு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அரை அரை மணி நேரம் ஸ்டோர்ஸ் ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தோம். இரண்டாம் நாளே ஸ்டோர்கீப்பர் கேட்டார்: “பேல் எடையை எந்தக் கட்டத்துல போடறதுங்க, பில்லுல இருக்கறதா, நாங்க போட்டுப் பார்த்ததா?” பேல் என்றால் பஞ்சுப் பொதி. பஞ்சில் ஈரம் ஏறி இறங்கும், பில் எடையும் மில் எடையும் ஒன்றாக இருக்காது. அவர் பல வருடமாக இரண்டையும் நோட்டில் எழுதி, வித்தியாசத்தை வைத்துத்தான் வியாபாரியிடம் கழித்துக்கொண்டிருந்தார். தேவைப் பட்டியலில் இது ஒரு வரி கூட இல்லை. கட்டம் சேர்த்தோம், அறிக்கை சேர்த்தோம், மில் அதை ஒரு புதிய வேலையாகக் கருதி எங்களுக்குப் பணமும் கொடுத்தது. ஆலோசனைக் கூட்டத்தில் முதலாளி பேசுவார். வேலை செய்கிறவர் பேசுவது பயிற்சி நேரத்தில்தான்.

இப்போது கேள்வி. பாக்கியில் ஏறக்குறைய முழுவதும் கல்லூரிகளில் கிடக்கிறது. கம்பெனிப் பயிற்சி சிறிதாக இருந்தாலும் அடுத்த வேலையைக் கொண்டுவருகிறது. இந்த ஆண்டு கல்லூரி வகுப்புகளை அடியோடு நிறுத்திவிட்டு, ஆலோசனையோடு ஒட்டிய பயிற்சி மட்டும் செய்தால் என்ன? தோழி வேண்டாம் என்கிறாள், 14 லட்சத்தை விட்டுவிட்டு எப்படி என்று. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

வரவுசெலவு | மே 4, 2025

மேடம், ஈரோட்டில் ஜிஎஸ்டி, வருமான வரி வேலை பார்க்கிறேன். உங்களைப் போல நாலைந்து பயிற்சி நிறுவனங்களின் கணக்கு என்னிடம் இருக்கிறது. கல்லூரி பாக்கி எல்லோருக்குமே ஒரே மாதிரிதான் நிற்கிறது, அதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது.

நீங்கள் மில்லுக்கு 1 லட்சத்துக்கு பில் போட்டால் 18,000 ஜிஎஸ்டி. மில் அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளும், அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும், அவர்களுக்கு அது செலவே இல்லை. கல்லூரி மாணவரிடம் வாங்கும் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு. விலக்கு பெற்ற சேவை என்பதால் உள்ளே வரும் வரியை எடுக்க வழியில்லை. உங்கள் 1 லட்சம் அவர்களுக்கு 1,18,000. கல்லூரிக்கு நடத்துவதும் கல்விதானே, அதற்கும் விலக்கு உண்டு என்று சிலர் நினைக்கிறார்கள். கல்லூரி மாணவருக்கு நேரடியாகக் கொடுக்கும் சேவைக்குத்தான் விலக்கு, வெளியாள் கல்லூரிக்குக் கொடுக்கும் பயிற்சிக்கு இல்லை. “ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து எவ்வளவு சார்?” என்று அவர்கள் கேட்பது அதனால்தான். அந்த இடத்தில் தலையாட்டினால் உங்கள் நாள் கூலி 10,000 அப்படியே 8,475 ஆகிவிடும்.

அடுத்தது, வாங்கியவர் 180 நாளில் பணம் கொடுக்கவில்லை என்றால் எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும். மில் கணக்காளர் இதற்குப் பயப்படுவார். கல்லூரி எடுத்ததே இல்லை, திருப்புவதற்கு என்ன இருக்கிறது?

உங்கள் பக்கத்தில், பணம் வராவிட்டாலும் பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். காலாண்டு ரிட்டர்ன் திட்டத்தில் இருந்தாலும் முதல் இரண்டு மாதத்துக்கான வரியை அடுத்த மாதம் 25-க்குள் கட்ட வேண்டும். பணம் வராமலே போனாலும் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பக் கேட்க நம் சட்டத்தில் வழியில்லை. பில்லைத் தள்ளிப்போட்டாலும் தப்ப முடியாது. வேலை முடிந்த 30 நாளுக்குள் பில் போடாவிட்டால் வேலை முடிந்த தேதியையே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு வழி இருக்கிறது. ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு மேல், தவணை தவணையாகப் பணம் என்று எழுதினால் அது தொடர் சேவை. அப்போது ஒவ்வொரு தவணைக்கும் ஒப்பந்தத்தில் உள்ள தேதியிலோ, அந்தக் கட்டம் முடிந்தபோதோ பில் போட்டால் போதும். இரண்டு நாள், மூன்று நாள் வகுப்பாக விற்காமல் ஒரு செமஸ்டராக விற்றுப் பாருங்கள்.

ஆய்வகம் | மே 5, 2025

நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர், துறையின் பிளேஸ்மென்ட் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. கல்லூரி தாமதிப்பதை நியாயப்படுத்த வரவில்லை. பணம் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்கிறேன், தெரிந்தால் உங்களுக்கு உதவும்.

எங்கள் மாணவர்களில் பெரும்பகுதியினர் முதல் பட்டதாரி சலுகையிலோ, ஆதிதிராவிடர் உதவித்தொகையிலோ, அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டிலோ படிக்கிறார்கள். 7.5 ஒதுக்கீட்டில் வந்தவர்களின் கட்டணத்தை முழுக்க அரசு ஏற்கிறது. மிக நல்ல திட்டம், என் வகுப்பில் அப்படி வந்த பிள்ளைகள்தான் முதல் பெஞ்ச். ஆனால் அந்தப் பணம் செமஸ்டர் ஆரம்பத்தில் கைக்கு வருவதில்லை. சம்பளம், பேருந்து, விடுதி எல்லாம் போன பிறகுதான் பயிற்றுநர் பில்.

இரண்டாவது, கோப்பு. துறைத்தலைவர், முதல்வர், அறக்கட்டளை அலுவலகம் என்று மூன்று மேசை. நாக், என்பிஏ (கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் அமைப்புகள்) ஆய்வுக்குக் காட்ட வருகைப் பட்டியல், மாணவர் கருத்துப் படிவம், தேதியோடு புகைப்படம், பாடத்திட்டம் எல்லாம் வேண்டும். பயிற்றுநர் பில்லை மட்டும் மெயிலில் அனுப்பிவிட்டுப் போய்விடுவார். மற்றதை நாங்கள் சேர்த்து முடிக்கவே ஒரு மாதம் ஆகிவிடும். கடைசி நாள் மாலையே எல்லாவற்றையும் ஒரே கோப்பாக அச்செடுத்து, துறைத்தலைவர் கையெழுத்தோடு கொடுத்துவிட்டுப் போகிறவர்களின் பில் சீக்கிரம் நகர்கிறது. நான் கண்ணால் பார்க்கிற விஷயம்.

இன்னொன்று, நீங்கள் நிறுத்தினால் அந்த இடத்துக்கு வருகிறவர்கள் யார் என்றும் யோசியுங்கள். 2022 மார்ச்சில் ஆரம்பித்த நான் முதல்வன் திட்டத்தில் பாடங்கள் இப்போது பாடத்திட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன, மாணவருக்குச் செலவில்லை. அதனால் நிர்வாகம் பொதுவான “பைத்தான் அடிப்படை” வகுப்புக்கு இனி பணம் ஒதுக்கத் தயங்கும். உங்களைப் போல மில்லுக்குள் போய் வேலை பார்த்தவர்கள் அந்த அனுபவத்தைக் கொண்டுவந்தால்தான் எங்கள் பிள்ளைகளுக்குப் புதிதாக ஏதாவது கிடைக்கும்.

தாமிரபரணி12 | மே 5, 2025

அக்கா, நான் திருநெல்வேலி. நிறுவனம் எல்லாம் இல்லை, தனி ஆளாக ஆறேழு வருசமா கல்லூரி கல்லூரியாப் போய் வகுப்பு எடுக்கேன். நீங்க பணத்தைச் சொன்னீங்க, நான் வகுப்பறையைச் சொல்லுதேன்.

லேப்ல நாற்பது சிஸ்டம் இருக்கும், மாணவர் நூற்றிருபது பேர் இருப்பாங்க. இல்லைன்னா லேப் தேர்வுக்கு வேணும்னு செமினார் ஹாலுக்கு அனுப்பிருவாங்க, அங்க சார்ஜ் போட பிளக் இருக்காது. கல்லூரி வைஃபைல கிட்ஹப் அடைபட்டிருக்கும். பைத்தான் பேக்கேஜ் ஒண்ணு இறக்க ப்ராக்ஸி விடாது. முதல் நாள் காலை முழுக்க இதுலயே போயிரும். நாள் கூலி வாங்குத ஆளு என்ன செய்வான், பவர்பாயிண்ட்டைப் போட்டுப் பேசிட்டு வந்துருவான். பெரும்பாலான பயிற்சி அப்படித்தான் நடக்கு.

நான் இப்ப ஒரு சின்ன மினி பிசியைப் பையில வச்சுக்கிட்டுப் போறேன். அதுல உபுண்டு, கிட்டீ (கிட்ஹப் மாதிரி, நம்ம கணினியிலேயே ஓடுதது), தேவையான பைத்தான் பேக்கேஜ் அத்தனையும் இறக்கி வச்சிருக்கேன். ஒரு பழைய ரவுட்டரும் உண்டு. ஹால்ல வச்சு ஆன் பண்ணினா மாணவர் லேப்டாப் எல்லாம் அந்த நெட்வொர்க்ல சேர்ந்துரும். வெளி இணையமே வேண்டாம். ரெண்டு பேரை ஒரே ரெப்போவுல (நிரல் கோப்பெல்லாம் இருக்க இடம்) ஒரே வரியை மாத்தச் சொல்லி, முட்டுதப்ப எப்படித் தீர்க்கதுன்னு அவங்களே கண்டுபிடிக்கட்டும்னு விட்டுருவேன். அந்த ஒரு மணி நேரத்துல பிள்ளைங்க கத்துக்கிடுதது ஸ்லைடுல ஒரு வாரம் காட்டினாலும் வராது. செய்யணும்னு நினைக்கிறவங்களுக்கு எழுதி அனுப்புதேன், கேளுங்க.

பணத்துல எனக்கும் உங்க நிலைதான். ஆனா நிறுத்தச் சொல்ல மனசு வரல.

நொய்யல்கரை | மே 5, 2025

எல்லோருக்கும் நன்றி. வரவுசெலவு சார், 18 சதவீதம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வேலை செய்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபின் என் ஏட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கல்லூரிப் பாக்கி 5 லட்சத்துக்கு ஜிஎஸ்டி 90,000. அதை ஏற்கெனவே கட்டிவிட்டோம். அதாவது எங்கள் கம்பெனி வேலையில் வந்த பணம்தான் கல்லூரிக்கு வட்டியில்லாக் கடனாகப் போய்க்கொண்டிருக்கிறது. மாதக் கடைசியில் சம்பளம் போட ஏன் மூச்சு முட்டியது என்று இப்போதுதான் விளங்குகிறது.

ஆய்வகம் சார், கோப்பு விஷயம் மிகவும் உபயோகம். வகுப்புக்குப் போகும்போதே கருத்துப் படிவத்தையும் வருகைத் தாளையும் அச்சடித்து எடுத்துப்போவது எங்களுக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்டாக வேண்டும். அரசுப் பணம் தாமதம் என்பது புரிகிறது. அந்தத் தாமதத்தை யார் தாங்குவது? சம்பளமும் பேருந்தும் நிற்பதில்லை, அது சரி. வரிசையில் கடைசியில் நிற்பது எப்போதும் பயிற்றுநர்தான், ஏனென்றால் அவர் சத்தம் போட்டால் அடுத்த செமஸ்டர் கூப்பிட மாட்டார்கள். தாமிரபரணி தம்பி போலத் தனி ஆளாக இருப்பவருக்கு மூன்று மாதப் பாக்கி என்றால் வீட்டு வாடகை.

தம்பி, மினி பிசி ஏற்பாட்டைக் கட்டாயம் எழுதி அனுப்புங்கள். நாங்களும் அதே தொல்லைதான் படுகிறோம்.

பஞ்சுமில் | மே 6, 2025

நான் ஒரு ஸ்பின்னிங் மில்லில் கணக்குப் பிரிவில் இருக்கிறேனுங்க. அந்த அம்மா சொன்ன மில் எங்களுடையது இல்லை. ஆனால் பேல் எடை கதை அச்சு அசலாக எங்கள் ஸ்டோர்ஸ் கதைதானுங்க.

வாங்குகிற பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். மென்பொருள் விற்க வருகிறவர்கள் பயிற்சியை இலவசம் என்று போடுகிறார்கள். இரண்டு நாள் வந்து ஆபீஸில் நாலு பேருக்குக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போய்விடுவார்கள். நைட் ஷிஃப்டில் இருப்பவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது? எங்களிடம் இப்போது பாதிப் பேர் ஒடிசா, பீகார் பக்கத்து ஆட்கள், தமிழில் சொன்னால் அவர்களுக்குப் பாதிதான் ஏறும். கடைசியில் எல்லாப் பதிவையும் காலையில் ஒரே பையன் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து ஏற்றுகிறான். அதற்கு நோட்டே போதுமே!

பயிற்சிக்குத் தனியாகப் பணம் கேளுங்கம்மா. தனியாகப் பணம் கொடுத்தால்தான் எங்கள் முதலாளி ஆட்களை அந்த அரை மணி நேரம் விடுவார். இலவசம் என்றால் “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று அனுப்பிவிடுவார்.

எங்கள் மில்லில் சிறு நிறுவன பில் என்றால் 45 நாளுக்குள் போட்டுவிடச் சொல்லி ஆடிட்டர் கட்டாயமாகச் சொல்லியிருக்கிறார், மார்ச்சில் அதற்கென்றே ஒரு பட்டியல் எடுப்போம். அது ஏன் கல்லூரிக்குப் பொருந்தாது என்று தெரியவில்லைங்க.

வரவுசெலவு | மே 6, 2025

நல்ல கேள்வி. இரண்டு சட்டம் இருக்கிறது, பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவன) சட்டம். குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டி. 2025 மே நிலவரப்படி வங்கி வீதம் 6.25, ஆக 18.75 சதவீதம். வாங்குகிறவர் கம்பெனியா, அறக்கட்டளையா என்ற பேதம் இதில் இல்லை. கல்லூரிக்கும் பொருந்தும்.

இரண்டாவது 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு, 2024 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. அந்த 15 அல்லது 45 நாள் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், உண்மையில் கொடுக்கிற ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். மில் லாபத்துக்கு வரி கட்டுகிறது, அதனால் மார்ச்சில் பட்டியல் எடுக்கிறது. கல்லூரியை நடத்துவது அறக்கட்டளை, அதன் வருமானத்துக்கு வேறு பிரிவில் விலக்கு. இந்தப் பிரிவு அவர்களைத் தொடுவதில்லை. எனவே முதல் சட்டத்தின்படி அவர்கள் கடன்பட்டவர்கள்தான், ஆனால் அவசரப்படுத்த இரண்டாவது சட்டம் இல்லை.

மேடம், உத்யம் பதிவு (குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் பதிவது) இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே செய்யுங்கள், இலவசம், அரசுத் தளத்திலேயே முடித்துவிடலாம். பணம் கேட்கும் தரகர் தளங்கள் நிறைய உண்டு, கவனம். வேலை ஆரம்பிக்கும் முன்பே பதிவு இருக்க வேண்டும். பிறகு பதிந்துவிட்டுப் பழைய பில்லுக்கு உரிமை கேட்டால் வழக்காடத்தான் நேரும். பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். பாக்கி நீண்டால் வசதியாக்கக் குழுவுக்கு (சிறு நிறுவனங்களின் பாக்கி வழக்கைத் தீர்க்கும் அரசுக் குழு) போகலாம், கோவையிலேயே குழு இருக்கிறது. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும். ஆனால் மனு போட்ட செய்தி போனதுமே கொடுத்துவிட்ட நிர்வாகங்களைப் பார்த்திருக்கிறேன்.

கூடவே இரண்டு. கல்லூரி பிடிக்கும் 10 சதவீத டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) ஜிஎஸ்டி நீங்கலான தொகைக்குத்தான், பில்லில் வரியைத் தனியாகக் காட்டியிருந்தால். பிடித்ததை அவர்கள் கட்டினார்களா என்று 26ஏஎஸ்-இல் (உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் அறிக்கை) காலாண்டுக்கு ஒருமுறை பாருங்கள். ஏப்ரல் 2025 முதல் பங்குதாரர் நிறுவனத்துக்கு 194டி (ஆங்கில T) பிரிவு என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது. நீங்களும் தோழியும் நிறுவனத்திலிருந்து எடுக்கும் சம்பளம், வட்டி ஆண்டுக்கு 20,000 தாண்டினால் நிறுவனமே 10 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும்.

நான்காமாண்டு | மே 7, 2025

வணக்கம் அக்கா, நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டு முடிக்கிறேன். இங்கே பேசுகிற “கல்லூரிப் பயிற்சி”யில் உட்கார்ந்த ஆள் என்பதால் எழுதுகிறேன்.

மூன்று வருடத்தில் நிறையப் பயிற்சி வந்தது. பெரும்பாலானவற்றில் எதுவுமே நினைவில் இல்லை. பெரிய ஹால், மைக், சான்றிதழ். நினைவில் நிற்கும் ஒன்று, ஒரு பயிற்றுநர் ஒரு பம்ப் கம்பெனியின் பழுதான எக்செல் தாளைக் கொண்டுவந்து, பெயர்களை மாற்றிவிட்டு, “இதில் ஸ்டாக் ஏன் ஒத்துவரவில்லை என்று கண்டுபிடியுங்கள்” என்று எங்களிடம் விட்டுவிட்டார். ஒரே பொருளை ஐந்து விதமாக எழுதியிருந்தார்கள். அதைப் பைத்தானில் சரிசெய்து முடித்தபோது, நான் படித்தது எங்கேயோ உதவும் என்று முதல் தடவையாக நம்பினேன். இப்போது வேலைக்கான நேர்காணலில் அதைத்தான் சொல்கிறேன்.

என் அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். வெளியில் போய்க் காசு கட்டிக் கற்றுக்கொள்ள எங்களால் முடியாது. கல்லூரிக்குள் வந்தால்தான் உண்டு. நிறுத்துவதற்கு முன் எங்களையும் நினைத்துப் பாருங்கள்.

தாமிரபரணி12 | மே 7, 2025

தம்பி சொன்னதுதான் விஷயம். உண்மையான தாளைக் கொண்டு போகணும்.

இன்னொண்ணு, இப்ப எல்லாக் கல்லூரியும் “ஏஐ வகுப்பு எடுங்க”ன்னு கேக்கு. ரெண்டு நாள்ல சாட்ஜிபிடி காட்டிட்டுச் சான்றிதழ் கொடுக்கதுக்கு நான் ஒத்துக்கிடுததில்ல. பயிற்சிக் கணக்கை அதுல போட்டு விடையை எடுத்துருதாங்க, அது தப்புன்னு சொல்ல மாட்டேன், நாளைக்கு வேலையிலயும் அதைத்தான் பயன்படுத்தப் போறாங்க. ஆனா வந்த விடை சரியா தப்பான்னு பார்க்கத் தெரியணும்லா. ஸ்டாக் தாளைக் கொடுத்தா அது ஐந்து விதப் பேரையும் அழகாச் சேர்த்துரும், சேர்க்கக் கூடாத ரெண்டு பொருளையும் சேர்த்துரும். அரை இஞ்ச் வால்வும் ஒரு இஞ்ச் வால்வும் ஒண்ணாயிரும். அதைக் கண்டுபிடிக்கத கண்ணுதான் நாம கொடுக்க வேண்டியது.

நொய்யல்கரை | மே 8, 2025

இரண்டு நாளாகத் தோழியோடு உட்கார்ந்து இந்த இழையை முழுக்கப் படித்தோம். என்ன செய்யப்போகிறோம் என்று எழுதுகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

அடியோடு நிறுத்தவில்லை. நான்காமாண்டு தம்பி எழுதியது ஒரு காரணம். இன்னொரு காரணம், எங்கள் இரண்டு ஊழியர்களுமே எங்கள் கல்லூரி வகுப்புகளில் உட்கார்ந்த பிள்ளைகள். அந்த வகுப்புகள் இல்லையென்றால் அவர்களை எங்கே கண்டிருப்போம்? இதை முதல் பதிவில் கணக்கில் எடுக்காமலே கேள்வியை வைத்திருந்தேன்.

ஆனால் நாள் கூலி வகுப்பு இனி இல்லை. ஜூலையில் ஆரம்பிக்கும் செமஸ்டருக்கு இரண்டு கல்லூரிகளோடு மட்டும் ஒப்பந்தம். நான்கு மாதம், வாரம் ஒரு நாள், ஒரு குழுவில் முப்பது பேர். பணம் மூன்று தவணை: கையெழுத்திடும்போது மூன்றில் ஒரு பங்கு, பாதி முடிந்ததும் ஒரு பங்கு, கடைசி வகுப்புக்கு முன் ஒரு பங்கு. தவணை வரவில்லை என்றால் அடுத்த வகுப்பு இல்லை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுகிறோம். விலை ஜிஎஸ்டி நீங்கலாக என்று முதல் வரியிலேயே இருக்கும். உத்யம் பதிவு சென்ற ஆண்டே செய்துவிட்டோம் சார், பில்லில் அச்சிடத்தான் இல்லை, இன்று சேர்த்துவிட்டேன். பாடம் முழுக்க நாங்கள் வேலை செய்த கம்பெனிகளின் தரவு, பெயரும் விலையும் மாற்றி, அவர்கள் எழுத்தில் அனுமதி கொடுத்தவை மட்டும். கடைசி மாதம் மாணவர்கள் ஒரு மில்லுக்கோ பம்ப் கம்பெனிக்கோ வந்து ஸ்டோர்ஸ் ஆளோடு உட்கார வேண்டும். ஒரு மில் சரி என்று சொல்லிவிட்டது.

இதனால் கல்லூரி வரவு 14 லட்சத்திலிருந்து பாதிக்கும் கீழே போகும். தோழிக்கு அதில் இன்னும் தயக்கம் இருக்கிறது, எனக்கு இல்லை. வராத 14-ஐவிட வருகிற 6 பெரிது. மிஞ்சும் நாட்களைக் கம்பெனிப் பயிற்சிக்குப் போடுகிறோம். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு முடிகிறது. எங்கள் கம்பெனிகளில் பாதிக் கணினிகள் அதில்தான் ஓடுகின்றன, பல கணினிகளில் 11 ஏறாது. அந்த வேலையே தீபாவளி வரை இழுக்கும்.

பஞ்சுமில் ஐயா, இந்தி தெரிந்த ஒரு ஆளைப் பகுதி நேரமாகச் சேர்க்கப் பார்க்கிறோம். உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் அது தோன்றியது.

ஆய்வகம் | மே 8, 2025

முன்பணம் மூன்றில் ஒரு பங்கு என்றால் எங்கள் அறக்கட்டளை அலுவலகம் ஒப்புக்கொள்வது கஷ்டம். கால் பங்கு என்று ஆரம்பித்துப் பாருங்கள், அதற்கு முன்மாதிரி உண்டு, ஆய்வகக் கருவி வாங்கும்போது கொடுக்கிறார்கள். முப்பது பேர் என்றால் மற்ற மாணவர்கள் ஏன் எங்களுக்கு இல்லை என்று கேட்பார்கள், தேர்வு வைத்து எடுப்பதா, விருப்பம் கேட்டு எடுப்பதா என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். மதிப்பெண்ணை வைத்து எடுக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். ஆய்வகத்தில் நன்றாகச் செய்கிற பிள்ளைகள் பலருக்கு அரியர் இருக்கும்.

நொய்யல்கரை | மே 8, 2025

கால் பங்குக்கு நாங்கள் தயார் சார், ஆனால் அது முதல் வகுப்புக்கு முன் வங்கியில் வந்திருக்க வேண்டும். மாணவர்களை ஒரு பழுதான எக்செல் தாளைக் கொடுத்தே எடுக்கிறோம், மதிப்பெண் கேட்க மாட்டோம். நான்காமாண்டு தம்பி, அந்தத் தாளைத் தயார் செய்ய எங்களுக்கு ஜூனில் ஒரு ஆள் வேண்டும். சம்பளத்தோடுதான். விருப்பமிருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

பஞ்சுமில் | மே 9, 2025

ஸ்டோர்ஸ் பயிற்சிக்கு மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து எவ்வளவு ஆகும்னு ஒரு கொட்டேஷன் அனுப்புங்கம்மா. இந்தி ஆள் சேர்ந்த பிறகு போதும். முதலாளியிடம் இந்த இழையைக் காட்டிவிட்டேன், பேல் எடைக் கட்டம் கட்டாயம் வேண்டும் என்கிறார்.